பால் கிட்டங்கிக்கு நான் எழுதிய குறிப்பு

இந்தப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் சங்க மலரில் எனக்கு முன்னும் பின்னும் எழுதியிருப்பவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் பாலம். ஒருவர் ஆஸ்பத்திரி. ஒருவர் வெள்ளத்தில் மூன்று நாள் மடைமேல் நின்று கரையைக் காப்பாற்றியிருக்கிறார். படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. என்னையும் எழுதச் சொன்னார்கள். நானும் இருபத்தெட்டு வருஷ சர்வீசில் கட்டினவன்தான். பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. நான் கட்டியது என்று யாரும் சொல்லாத காரணத்தால் நிம்மதியாகவே நிற்கின்றன. ஆனால் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவற்றைப் பற்றி அல்ல. நான் ஒன்றை இடித்தேன். ஒரு பேனாவைக் கொண்டு இடித்தேன்.

உங்களில் புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் வேறு தவறுகள் செய்து, பதவி உயர்வு பெற்று நலமாக இருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவில் பிரிவு அலுவலர். ஊராருக்கு ‘ஓவர்சியர் சார்’. திருவேங்கடம் போகிற ரோட்டில் ஒரு பழைய மாட்டுப் பண்ணை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு ஜமீன் ஆரம்பித்தது. பிறகு அரசாங்கத்துக்கு வந்தது. வந்ததும் மாடுகள் போய்விட்டன. கொட்டில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. விழாமல் நின்றது ஒன்றே ஒன்று. எங்கள் பதிவேட்டில் அதன் பெயர் ‘உபகட்டடம் எண் மூன்று’. ஜனங்கள் வாயில் ‘பால் கிட்டங்கி’.

முன்காலத்தில் கறந்த பாலை வைப்பதற்காகக் கட்டியது. மூன்று படி கீழே இறங்க வேண்டும். சுவர் இரட்டைச் சுவர், நடுவே ஒரு சாண் இடைவெளி. உள்ளே தரையைச் சுற்றி ஒரு வாய்க்கால். பக்கத்துக் கிணற்றிலிருந்து இறைத்து விட்டால் தண்ணீர் ஒரு வட்டம் சுற்றி வெளியே போய்விடும். மேற்குச் சுவரில் வரிசையாகக் கீற்றுத் துவாரங்கள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாயிலிருந்து வருகிற காற்று அதன் வழியாக நுழைந்து தண்ணீர்மேல் தவழ்ந்து போகும். வெளியே களத்தில் மிளகாய் வற்றல் சடசடவென்று காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே போனவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வான்.

இதெல்லாம் கூட என்னை அசைக்கவில்லை. என்னை அசைத்தது வேறு. கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மழையில் உப்பும், கோடையில் வாய் பிளக்கும், அதன்மேல் நாம் எழுப்புகிற எதையும் கூடவே பிளக்கும். என் சொந்த ஆபீஸ் சுவரில் இருந்த விரிசலில்தான் நான் பென்சில் வைத்துக்கொள்வேன். அந்தக் கரிசலில், அறுபது வருஷத்துக்குமேல் நின்ற அந்தக் கிட்டங்கியில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. சுவரோரமாக ஒரு முழம் தோண்டிப் பார்த்தேன். கரிசலே இல்லை. ஆற்று மணல். யாரோ ஒருவன், பெயர் தெரியாதவன், கரிசலை ஆழமாக அள்ளி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ வண்டி வண்டியாக மணல் கொண்டுவந்து நிரப்பி, அதன்மேல் சுவரை வைத்திருக்கிறான். மண் உப்பினாலும் சுருங்கினாலும் கட்டடத்துக்குச் சேதி போகாது. நாங்கள் ஒவ்வொரு வருஷமும் சிமெண்ட் பூசி மறைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு விடை, ஒரு பால் வைக்கிற அறையின் அடியில் கிடந்தது. கோவில் என்றால் கல்வெட்டைப் படி எடுக்க எங்கெங்கிருந்தோ ஆள் வருவார்கள். பாலுக்கு யார் வருவார்?

கோமதியம்மாள்தான் வந்தாள். தினமும் வந்தாள். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் பால் சங்கத்தில் பால் அளக்கிறவள். நாற்பது வயது இருக்கும். சொந்தமாக இரண்டு மாடு. லாரி காலையில் ஒரு தடவைதான் வரும். சாயங்காலம் கறக்கிற பாலை மறுநாள் லாரி வரும்வரை புளிக்காமல் வைக்க அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே இடம் இந்தக் கிட்டங்கி. கேன்களை வாய்க்கால் தண்ணீரில் இறக்கி வைத்து, வாயில் ஈரத் துணி கட்டிவிட்டுப் போவாள். அந்த வருஷம் மழை பொய்த்து மிளகாய் கருகியிருந்தது. சாயங்காலப் பாலை வைத்துத்தான் பல வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த இடத்தில் புதிதாகப் பால் குளிரூட்டும் நிலையம் கட்டப்போகிறார்கள், பழைய கட்டடத்தின் தகுதி குறித்து அறிக்கை வேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. போய்ப் பார்த்தேன். சுவரைத் தட்டினேன், துவாரத்தில் கையை விட்டேன், குனிந்து தரையைப் பார்த்தேன்.

“என்ன சார், மாட்டுக்குப் பல் பாக்குத மாதிரி பாக்கீய? விக்கப் போறீயளா?” என்றாள் கோமதியம்மாள்.

விஷயத்தைச் சொன்னேன். புது மிஷின் வந்தால் பால் ஐஸ் போல இருக்கும் என்றும் சொன்னேன்.

“வரட்டும், வேண்டாங்கல. கட்டடம் கட்டி, கரெண்டு வந்து, மிசின் வந்து, அதுக்கு ஒரு ஆளு வந்து... அதுவரைக்கும் பால எங்கன வைக்க? ஒங்க ஆபீஸ்லயா?”

“என் ஆபீஸில் வைத்தால் சுவர் வழியாகவே ஒழுகிவிடும்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “இங்கிட்டு இத்தன பொட்டக்காடு கெடக்கு. அங்கன கட்டச் சொல்லுங்க. இத இடிக்கக் கூடாதுன்னு எழுதுங்க சார். எழுதுவீயளா?”

எழுதுகிறேன் என்றேன். நிஜமாகவே அந்த எண்ணத்தோடுதான் சைக்கிளில் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியம் யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

ஆபீஸ் கடிதங்களைத் தமிழில் எழுத வேண்டும் என்று அப்போது வலியுறுத்திக்கொண்டிருந்தார்கள். என் சகாக்கள் முனகினார்கள், எனக்கோ கொண்டாட்டம். இங்கிலீஷில் எழுதியிருந்தால், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் குறைவு என்பதால், சுருக்கமாக எழுதியிருப்பேன். கிட்டங்கி பிழைத்திருக்கும்.

அச்சடித்த படிவத்தில் கடைசி மூன்று கட்டங்கள்: நிலை, விலை, குறிப்பு. நான்கு மணித் தபாலில் போக வேண்டும். நான் எழுதியது இது. நிலை: ‘மூன்று படி பூமிக்குள் இறங்கி, அசையாத தவத்தில் நிற்கிறது.’ அம்மன் தவத்துக்கு ஆடித்தபசுத் திருவிழா நடக்கிற ஊர். தவம் என்ற சொல் மேலதிகாரியின் நெஞ்சைத் தொடும் என்று கணக்குப் போட்டேன். விலை: அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். இதற்கெல்லாம் விலை போடுவதா என்ற திமிர். குறிப்பு: ‘விலைமதிப்பற்றது.’

ஒரே சொல். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸ் டிராப்ட்ஸ்மேன் புளியங்குடிக்காரர். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆபீஸ் நேரத்தில் என்னைச் ‘சார்’ என்பார். சாப்பாட்டு நேரத்தில் ‘வே’. வேலை விஷயத்தில் நான் குருவாக ஏற்றுக்கொண்ட ஒரே மனிதர். அவர் பேச்சைக் கேட்காததால்தான் குரு என்று சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் வாசித்துக் காட்டினேன்.

“சரி வே. இடிக்கலாமா, கூடாதா?”

“கூடாதுன்னுதான்வே எழுதியிருக்கேன்.”

“எங்கன?”

“விலைமதிப்பற்றதுன்னா என்ன அர்த்தம்?”

“எனக்குத் தெரியும். பைலுக்குத் தெரியுமா? ‘இடிக்கக் கூடாது.’ ரெண்டே வார்த்த. எழுதும்.”

“தந்தி மாதிரி இருக்கும்.”

“பின்ன, கல்யாணப் பத்திரிகையா அடிக்கீரு?” என்று கேட்டுவிட்டு அவர் மோர் சாதத்துக்கு எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

நான் சிரித்தேன். அவருக்கு ரசனை போதாது என்று நினைத்தேன். வரைவை டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். மூன்றே முக்காலுக்குச் சுத்தப் பிரதி மேஜைக்கு வந்தது. தபால்காரர் பையோடு நின்றார். கையெழுத்துப் போட்டேன். வரைவை அன்று குறைந்தது ஐந்து தடவை படித்திருப்பேன், அவ்வளவு அழகாக இருந்தது. சுத்தப் பிரதியை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆணையின் நகல் வந்தது. ‘பூமிக்குள் இறங்கிவிட்டதாகவும் மதிப்பற்றதாகவும் பிரிவு அலுவலரே சான்றளித்துள்ளபடியால், உபகட்டடம் எண் மூன்றை உடனே இடித்து அப்புறப்படுத்த வேண்டியது.’

எங்கள் ஆபீஸ் நகலை எடுத்துப் பார்த்தேன். நிலை: ‘பூமிக்குள் இறங்கி நிற்கிறது.’ விலை: ‘மதிப்பற்றது.’ குறிப்பு: காலி.

டைப்பிஸ்ட் வேலைக்குப் புதிது. மிகவும் பொறுப்பான பெண். அதுதான் வினை. “நிலைங்கிற கட்டத்துல எடம் பத்தல சார், மூணு படியையும் தவத்தையும் எடுத்துட்டேன். விலைங்கிற கட்டம் காலியா இருந்துச்சு, குறிப்புல வெலையும் சேத்து எழுதியிருந்தீங்க. எடம் மாறிருச்சு போல, ‘விலை’தான் தலைப்புலயே இருக்கேன்னு மிச்சத்த மட்டும் எடுத்து அங்கன வச்சேன். நீங்க பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்டீங்க?”

நகலைப் பைலில் திருப்பி வைத்தேன்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்தை மன்னிக்கலாம், நானும் மன்னித்துவிட்டேன், என் விஷயத்தில் எனக்குத் தாராள மனசு. இனிமேல் சொல்லப்போவதுதான் உங்களுக்கு.

அன்று காலையே கான்ட்ராக்டரின் ஆட்கள் பண்ணையில் இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்தேன். போய்ச் சேர்ந்தபோது ஓடுகளை மட்டும்தான் இறக்கியிருந்தார்கள். சுவர்கள் முழுசாக நின்றன. கான்ட்ராக்டர் மரியாதையான மனிதர். நான் விழுந்தடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் வேலையை நிறுத்தச் சொன்னார்.

“என்ன அண்ணாச்சி, எதும் மாத்தமா?”

“ஒரு சின்னக் குழப்பம். இதை இடிக்கக் கூடாது.”

“அவ்வளவுதான? ஒரு தாள்ல ‘நிறுத்தவும்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆள்கள அழச்சிட்டுப் போயிருதேன். எனக்கு என்ன இந்தச் செவரு மேல பகையா?”

பையில் பேனா இருந்தது. தாளும் இருந்தது. எழுதினேன்: ‘என் அறிக்கையில் பிழை. வேலையை நிறுத்தவும்.’ கையெழுத்துப் போடப் போகும்போது அந்த முதல் மூன்று சொல்லைப் படித்தேன். என் வாழ்க்கையில் கையெழுத்துக்கு முன் சுத்தப் பிரதியைப் படித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. நான் கையெழுத்திட்ட சான்று தவறு என்று நானே கையெழுத்திட்டால் மெமோ வரும். அரசாங்க வேலையை மேலிட உத்தரவு இல்லாமல் நிறுத்தியதற்கு இன்னொரு மெமோ.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். “மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்” என்றேன்.

ஆபீசுக்குத் திரும்பி மேலதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன். அதிகாரி ராயகிரியில் முகாம் என்றார்கள். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் ஏறவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து, தகுந்த வழியாக அனுப்பும்படி, ஒரு திருத்தக் கடிதம் எழுதினேன். அருமையான கடிதம். அதில் பிழை நடந்திருந்தது. யார் செய்தது என்பது எந்த வாக்கியத்திலும் இல்லை.

கட்டடம் எனக்கு நாலு நாள் அவகாசம் கொடுத்தது. எந்தக் கட்டடமும் எந்த ஓவர்சியருக்கும் அவ்வளவு இரக்கம் காட்டியிருக்காது.

இரண்டாம் நாள் வெளிச் சுவரில் கை வைத்தார்கள். சுண்ணாம்புக் காரை இரும்பாக இறுகியிருந்தது. ஒரு கடப்பாரை வளைந்தது. கொத்தனார் நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே, “மதிப்பில்லாத செவருன்னு எந்தப் புண்ணியவான் எழுதுனானோ! அவன இங்கன கூட்டிட்டு வந்து ரெண்டு போடு போடச் சொல்லணும் சார்” என்றார். நான் தலையாட்டினேன். தாள் சட்டைப் பையில் இருந்தது.

மூன்றாம் நாள் போனபோது கோமதியம்மாள் கேன்களை வேப்ப மரத்தடியில் வைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலப் பால் முழுக்கத் திரிந்துபோய், லாரிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்.

“சார், நீங்க என்ன எழுதுனீய?”

“இடிக்கக் கூடாதுன்னுதாம்மா எழுதினேன்.”

“அப்பொ நிறுத்துங்கடான்னு சொல்லுங்க. ஒங்க முன்னாலதான இடிக்கான்.”

“மேலே கடிதம் போட்டிருக்கேன். உத்தரவு எழுத்து மூலமா வரணும்.”

“எழுதுறவரு நீங்கதான சார்?”

கேட்டுவிட்டுச் சாக்கின்மேல் தண்ணீர் தெளிக்கப் போனாள். உள்சுவர் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர்கூடக் கிடந்தது. கூரையில்லாமல், ஒரு பக்கச் சுவரில்லாமல், உச்சி வெயிலில் நான் அதற்குள் இறங்கி நின்றேன். சில்லென்றுதான் இருந்தது.

நாலாம் நாள் நான் போகவில்லை. தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன். அந்த லீவு விண்ணப்பத்தை மட்டும் நிறுத்தி நிதானமாக இரண்டு வரியில், யாருக்கும் புரியும்படி எழுதியிருந்தேன்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. அஸ்திவாரம் வரை தோண்டியவர்கள் மணலைப் பார்த்தார்கள். அருமையான ஆற்று மணல். லாரி வைத்து அள்ளிப் போய்விட்டார்கள். குழியில் கரிசலையே போட்டு நிரப்பி, மேலே புது நிலையத்தைக் கட்டினோம். ‘கட்டினோம்’ என்பதைக் கவனிக்க, மேற்பார்வை நான்தான். மணல் போட வேண்டும் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். எஸ்டிமேட்டில் இல்லை என்றார்கள். எழுதிக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. எழுதினால் பழைய பைலும் கூடவே வெளியே வரும். மிஷின் வந்து இறங்குவதற்கு முன்பே வடக்குச் சுவர் பிளந்தது. அந்தப் பிளவில் பென்சிலோடு ஸ்கேலும் வைக்கலாம். மிஷின் வர இரண்டு வருஷம் ஆனது. வந்த பிறகு கரெண்டு இருந்தால் ஓடியது.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை.

இதற்கிடையில், நான்கு மாதம் கழித்து, என் திருத்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது. ‘திருத்தம் ஏற்கப்படுகிறது. உபகட்டடம் எண் மூன்று விலைமதிப்பற்றதாகக் கருதப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். அதன் நிலை குறித்து ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புக.’

டிராப்ட்ஸ்மேன் அதை இரண்டு தடவை படித்தார். சாப்பாட்டு நேரம்தான், ஆனாலும் “சார்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை ‘வே’ போட்டுக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

ஆண்டு அறிக்கையில் என்ன எழுதுவது? ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினேன். அது உண்மைதானே. நான் மாற்றலாகிப் போனேன். என் இடத்துக்கு வந்தவர் முந்தின வருஷத்தைப் பார்த்து ‘மாற்றம் இல்லை’ என்றே எழுதினார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. ஏழெட்டு வருஷம் கழித்து நான் அதே பிரிவுக்குத் திரும்பி வந்தபோது, அந்தக் கட்டடம் காகிதத்தில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோமதியம்மாளைப் புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். எலுமிச்சை மார்க்கெட்டில் காய் பிரிக்கிற வேலைக்கு வந்து போகிறாள். கையெல்லாம் எலுமிச்சை வாசம்.

“மாடு நல்லா இருக்கா?” என்று கேட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் கேட்க வரும்.

“வித்தாச்சு சார், ரெண்டையும். அந்த வருசமே.” சாக்குப் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, “ஏன் சார், அப்பொ ஒரு கடுதாசி போட்டீயளே, பதிலு வந்துச்சா?”

“வந்தது.”

“என்னன்னு?”

“இடிக்கக் கூடாதுன்னு.”

அவள் என்னையே பார்த்தாள். “அப்பொ காயிதத்துல நிக்குதா?”

“நிக்குது.”

“அங்கன பாலு வைக்க முடியுமா சார்?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். பஸ் வந்தது. சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆண்டு அறிக்கைப் படிவம் வந்தது. நிலை என்ற கட்டத்தில், டிராப்ட்ஸ்மேன் அன்று கேட்டபடி, இரண்டே வார்த்தை எழுதினேன். ‘நான் இடித்தேன்.’ சுத்தப் பிரதியை மூன்று தடவை படித்தேன். ஒரு எழுத்துகூட இடம் மாறவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மெமோ வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

மெமோ வரவில்லை. நான் விருப்ப ஓய்வில் வெளியேறுகிற வாரத்தில், அறிக்கை ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. ‘பார்வையில் காணும் அறிக்கையில் “நான்” என்பது யார் என்று விளங்கவில்லை. தெளிவுபடுத்தி மீண்டும் அனுப்புக.’

பதில் எழுதுவதற்குள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். அந்தத் தாள் இப்போது உங்களில் யாரோ ஒருவர் மேஜையில், ‘உபகட்டடம் எண் மூன்று’ என்ற பைலில் இருக்கும். தயவுசெய்து ‘மாற்றம் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். என் பெயரையும் அப்போதைய பதவியையும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். எழுதி, டைப் அடித்து வந்ததும், தபால்காரர் நின்றால் நிற்கட்டும், ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.